நந்தி என்று எழுதிய வரி

எங்கள் பினாங்கில், ஆங்கிலத்திலிருந்து வந்த 'கேன்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. 'எனக்குத் தெரியும்' என்பது ஒன்று. 'எனக்குத் தெரியாது, ஆனால் அதை உங்கள் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது' என்பது இன்னொன்று. ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த முதல் மாதம், பேராசிரியர் ஒரு புரதத்தின் படத்தைத் திரையில் காட்டி, இதை ஸ்கிரிப்ட் எழுதி வரையத் தெரிந்தவர்கள் யார் என்று கேட்டார். எல்லோரும் அவரவர் நகத்தைப் பார்த்தார்கள். நான் "கேன், கேன்" என்றேன். இரண்டு தடவை சொன்னதிலேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அந்த மென்பொருளை நான் அதுவரை திறந்ததுகூட இல்லை. மூலக்கூறுகளைக் கணினித் திரையில் முப்பரிமாணத்தில் காட்டும் மென்பொருள் அது. ஒரு புரதத்தின் அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்ற பட்டியலைக் கொடுத்தால் நாடாவாகவும் உருண்டையாகவும் வரைந்து காட்டும், சுட்டியால் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். கையாலேயே எல்லாவற்றையும் செய்யலாம்தான். ஆனால் இன்று வரைந்ததை நாளையும் அச்சுப் பிசகாமல் வரைய வேண்டுமென்றால் கட்டளைகளை வரிவரியாக ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். அந்தக் கோப்புக்குத்தான் ஸ்கிரிப்ட் என்று பெயர்.

எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாம் முகம் தெரியாதவர்கள். அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களே சேர்ந்து நடத்தும் விக்கி இணையதளம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம், பக்கத்தின் அடியில் யாரோ எழுதிப் போட்ட உதாரணம். கூடவே ஒரு மின்னஞ்சல் குழு. ஒருவர் கேள்வி கேட்பார், உலகத்தின் வேறொரு மூலையில் இருக்கும் ஒருவர் வேலையை விட்டுவிட்டுப் பதில் எழுதுவார், அது பத்து வருடம் கழித்து எனக்கும் உதவும். பல ஸ்கிரிப்டுகளின் தலைப்பில் எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றிக்கொள்ளுங்கள், பிழை கண்டால் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கும். நான் முதல் இரண்டையும் தாராளமாகச் செய்தேன்.

குழுவில் ஒரு தடவைகூட நான் கேள்வி கேட்டதில்லை. கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்று உலகம் முழுக்கச் சிரிப்பார்கள் என்று பயம். அதோடு மொழி வேறு. தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறி, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் போய் விழுந்தவன் நான். ஒரு கேள்வியைத் தமிழில் குழம்பி, மலாயில் முணுமுணுத்து, ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, கடைசியில் அழித்துவிடுவேன். அதைவிட அடுத்தவர்களின் பழைய பதில்களிலிருந்து அள்ளிக்கொண்டு வருவது சுலபம். ஒருவருடைய பத்து வரி, இன்னொருவருடைய இருபது வரி என்று, நாசி கண்டார் சோற்றுத் தட்டில் எல்லாக் குழம்பையும் சேர்த்து ஊற்றுவதுபோல ஊற்றினேன். படங்கள் அழகாக வந்தன. ஆறே மாதத்தில் ஆய்வுக்கூடத்தில் நான்தான் 'படக்காரன்' ஆகிவிட்டேன்.

அப்படி நான் வரைந்த ஒரு படம் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கே முகமாகிப் போனது. மருந்துக்கு அடங்காத ஒரு கிருமியின் புரதம் அது. அதன் குழிக்குள் ஒரு சிறு மூலக்கூறு உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் மங்கலாக, அந்தப் புரதத்தின் உறவுக்காரப் புரதம் ஒன்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மேலே படிந்திருக்கும். மூலக்கூறின் ஒரு முனைக்கும் குழியின் சுவரில் இருக்கும் ஓர் அமினோ அமிலத்துக்கும் இடையே மஞ்சள் புள்ளிக்கோடு ஒன்று ஓடும். அந்தக் கோடு, இந்த இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதற்கு அடையாளம். பேராசிரியர் அந்தப் புள்ளிக்கோட்டை விரலால் தொட்டு, இந்த முனையில் ஒரு சின்னக் கையை ஒட்டவைத்தால் பிடி இன்னும் இறுகும், கிருமி திணறும் என்றார். அந்தப் படத்தை ஆய்வுக்கூடச் சுவரில் பெரிதாக ஒட்டினார்கள். என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயமே அந்தப் படம்தான்.

அந்தச் சின்னக் கையை ஒட்டும் வேலைக்குத்தான், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர் வந்தார்.

அவருக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பாலத்துக்கு அக்கரையில் ஜுரு என்ற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் தரப் பரிசோதனையில் இருந்தவர். அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். வேலையில் இருக்கும்போதே பகுதிநேரமாகப் படித்து வேதியியலில் பட்டம் வாங்கி வைத்திருந்தார். வீட்டில் எல்லோரும் வேறு ஃபேக்டரி பார் என்று சொல்ல, முதுகலை ஆய்வு செய்யப்போகிறேன் என்று கிளம்பிவிட்டார். தினமும் காலையில் மோட்டோவில் பாலத்தைக் கடந்து தீவுக்கு வருவார். வந்ததும் என் மேசைக்குப் பக்கத்து மேசையில் தலைக்கவசத்தை வைத்துவிட்டு, சுவரில் இருக்கும் படத்தை ஒரு நிமிடம் பார்ப்பார். இந்தப் பட்டம் கையில் வந்தால் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராகலாம் என்பது அவர் கணக்கு. அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கென்று எடுத்துக்கொண்ட வாய்ப்பு அது, கடைசி வாய்ப்பும் அதுவே. எனக்கு இது நன்றாகத் தெரியும்.

பதினான்கு மாதத்தில் ஏழு மூலக்கூறுகள் செய்தார். ஏழும் தோற்றன. கை ஒட்டாத பழைய மூலக்கூறு கிருமியின் புரதத்தை ஓரளவாவது தடுத்தது. அக்கா செய்த ஒவ்வொன்றும் அதைவிட மோசமாக இருந்தது. செய்த பொருள் சரியானதுதானா என்று பரிசோதிக்கும் கருவி, சரியானதுதான் என்றது. நாங்கள் நம்பவில்லை. சுத்தம் போதாமல் இருக்கலாம் என்றார் பேராசிரியர். சோதனை செய்யும்போது துளி கூடக்குறைய விழுந்திருக்கும் என்றார் அக்கா. பொருள் சரியானது என்று கருவியும், அது பலிக்கவில்லை என்று சோதனையும் ஒரு பக்கம் சொல்லிக்கொண்டிருந்தன, சுவரில் ஒட்டிய படம் இன்னொரு பக்கம் சொன்னது. படித்தவர்கள் நிறைந்த அந்த அறையில் எல்லோரும் படத்தின் பக்கம்தான் நின்றோம்.

அக்காவின் பழக்கம் ஒன்று இருந்தது. தொழிற்சாலையில் ஒரு பொருள் ரிஜெக்ட் ஆனால் இயந்திரத்தைக் குறை சொல்லக்கூடாது, முதலில் தன் கையைப் பார்க்க வேண்டும் என்று பதினெட்டு வருடம் பழக்கியிருக்கிறார்கள். அதனால் மூன்றாவது மூலக்கூறு தோற்றபோது சோதனையை ஒன்பது தடவை திரும்பச் செய்தார். நான்காவது தோற்றபோது மூக்குக்கண்ணாடியை மாற்றினார். ஐந்தாவது தோற்ற அன்று மதியம், துளி விடும் கருவியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்று அழுதார். "வயசாயிருச்சு தம்பி. கை நடுங்குது போல. எனக்கே தெரியாம நடுங்குது," என்றார். நான் தே தாரிக், நம் ஆற்றிய தேநீர்தான், வாங்கி வந்து கொடுத்து, பெரிய மனுஷன்போல ஆறுதல் சொன்னேன். படம் தெளிவாக இருக்கிறது அக்கா, டிசைனில் பிரச்சினையே இல்லை, பொறுமையாகச் செய்யுங்கள் என்றேன். அந்த வார்த்தைகளை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னையே அறையத் தோன்றுகிறது.

ஏழாவதும் தோற்றபின் அவருக்கு இருந்த கால அவகாசம் முடிய எட்டு வாரம்தான் பாக்கி. ஏற்கெனவே ஒரு தடவை நீட்டித்துவிட்டார்கள். மூன்று பேர் கொண்ட குழு ஒன்று கூடி அவருடைய ஆய்வைத் தொடரலாமா நிறுத்தலாமா என்று முடிவெடுக்கும் என்று கடிதம் வந்தது. வியாழக்கிழமை கூட்டம். அதற்கு முந்தைய வாரம் அக்கா என்னிடம் ஓர் உதவி கேட்டார். அந்தப் படத்தைப் புதிதாக, உறவுக்காரப் புரதம் இல்லாமல், நம்முடைய புரதத்தை மட்டும் பெரிதாகக் காட்டி எடுத்துத் தர வேண்டும். குழுவின் முன்னால் அதை விரித்து வைத்து, வடிவமைப்பில் குறையில்லை, செய்த கையில்தான் குறை, இன்னும் ஆறு மாதம் கொடுத்தால் கையைத் திருத்திக்கொள்கிறேன் என்று கேட்கப்போவதாகச் சொன்னார். "நீ போட்ட படம்தான் தம்பி எனக்கு ஆதாரம்," என்றார்.

அரை மணி நேர வேலை. ஸ்கிரிப்டைத் திறந்தேன். உறவுக்காரப் புரதத்தைக் கொண்டுவரும் வரியையும் அதன்மேல் நம்முடையதைப் பொருத்தும் வரியையும் நீக்கிவிட்டு ஓட்டினேன். படம் வந்தது. புள்ளிக்கோடு வரவில்லை.

முதலில் சிரிப்புதான் வந்தது. புதிய மடிக்கணினி, மென்பொருளும் புதிய பதிப்பு, ஏதோ மாற்றித் தொலைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பழைய பதிப்பைத் தேடிப் போட்டேன், அப்போதும் வரவில்லை. நீக்கிய இரண்டு வரிகளைத் திரும்பச் சேர்த்தால் கோடு வந்து நிற்கும். நீக்கினால் போய்விடும். பக்கத்தில் மங்கலாக நிற்கும் ஓர் உறவுக்காரப் புரதத்துக்கும் இந்தக் கோட்டுக்கும் என்ன சம்பந்தம்? சுங்கை பினாங் அடுக்குமாடியில் எங்கள் வீட்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சனி முழுக்க, ஞாயிறு முழுக்க முட்டி மோதினேன். விக்கியில் இருக்கும் பக்கம் எல்லாம் படித்தேன். குழுவின் பழைய கேள்விகளை வருடம் வருடமாகப் பின்னோக்கிப் போய்த் துழாவினேன். அம்மா சோறு போட்டு வைத்துவிட்டு இரண்டு தடவை கூப்பிட்டார். நான் இன்னொரு வருடத்துக் கேள்விகளைத் திறந்தேன்.

ஞாயிறு மதியம் வேறு வழியில்லாமல் குழுவுக்கு எழுதினேன். வாழ்க்கையில் முதல் தடவை. மன்னிக்கவும் என்று ஆரம்பித்து, நான் யார், எந்த ஊர், எந்தக் கிருமி, அக்காவுக்கு வியாழக்கிழமை கூட்டம் என்பதுவரை ஒன்றுவிடாமல் கொட்டி, முந்நூற்றுச் சொச்சம் வரிகள் கொண்ட ஸ்கிரிப்டையும் இணைத்து அனுப்பினேன். இரண்டு மணி நேரத்தில் ஒருவர் பதில் போட்டார். யாரும் சிரிக்கவில்லை. மரியாதையாக ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைத்தார். தவறு நடக்கும் மிகச் சின்ன ஸ்கிரிப்டை அனுப்புங்கள். எதை எடுத்தால் தவறு மறைகிறதோ அதைத் திரும்ப வைத்துவிடுங்கள், எதை எடுத்தும் தவறு அப்படியே இருக்கிறதோ அதைத் தூக்கி எறியுங்கள்.

அந்தக் குழுவில் கேட்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்பது வழக்கமாம். பல வருடமாகப் படித்துக்கொண்டே இருந்த எனக்கு அது கண்ணில் படவேயில்லை. வெட்ட ஆரம்பித்தேன். நிறங்களை எடுத்தேன், ஒளியை எடுத்தேன், எழுத்துகளை, நிழலை, பின்னணியை எடுத்தேன். ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு ஓட்டிப் பார்க்க, பிரச்சினை அசையாமல் அங்கேயே நின்றது. ஆறு மாதம் நான் பெருமையாகச் சேர்த்த அழகெல்லாம் குப்பைக்குப் போனது. கடைசியில் பதினோரு வரிதான் மிஞ்சியது. பதினோரு வரியில் ஒளிந்துகொள்ள எதற்கும் இடமில்லை. அதை யாருக்கும் அனுப்ப வேண்டிய அவசியமே வரவில்லை.

நடந்தது இதுதான். புரதமும் அதன் குழிக்குள் இருக்கும் சிறு மூலக்கூறும் என் கோப்பில் தனித்தனிப் பொருள்கள். உறவுக்காரப் புரதத்தின்மேல் பொருத்துவதற்காக என் புரதத்தை ஸ்கிரிப்ட் சற்றே நகர்த்துகிறது. மூலக்கூறை நகர்த்தவில்லை. ஒரு வீட்டை அப்படியே தூக்கிப் பக்கத்தில் இரண்டடி தள்ளி வைத்துவிட்டு, உள்ளே ஜன்னலோரம் நின்ற ஆளை மட்டும் பழைய இடத்திலேயே விட்டதுபோல. இப்போது பார்த்தால் அந்த ஆள் அடுப்போரம் நிற்பதாகத் தெரியும். நகர்ந்தது கொஞ்சம்தான், அதனால் மூலக்கூறு குழிக்குள்ளேயே இருப்பதாகப்பட்டது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தக் கொஞ்சத்தில்தான் அது தப்பான சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றது. உண்மையில் அந்த முனைக்கும் அந்த அமினோ அமிலத்துக்கும் எந்தப் பிடியும் இல்லை. அக்கா பதினான்கு மாதமாக இல்லாத கையைக் குலுக்குவதற்காகக் கை ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டிய கை எதிர்ப் பக்கச் சுவரில் போய் இடித்துக்கொண்டு, இருந்த பிடியையும் கெடுத்தது.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இந்த லட்சணத்தில் ஸ்கிரிப்ட் எழுதிப் போட்டவன் எவன் என்று அந்த முகம் தெரியாதவரைத் திட்டுவதற்காகவே விக்கிக்குப் போனேன். நான் அள்ளிக்கொண்டு வந்த பக்கம் அப்படியே இருந்தது. பொருத்தும் வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. புரதம் எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவே மூலக்கூறையும் நகர்த்தும் வரி. இதை மறந்துவிடாதீர்கள் என்று பக்கத்தில் ஒரு குறிப்பு வேறு. என் முழு ஸ்கிரிப்டைத் திரும்பத் திறந்து அந்த இடத்துக்குப் போனேன். வரி அங்கேயும் இருந்தது. ஆனால் அதன் முன்னால் # என்ற கட்டக்குறி போட்டிருந்தது. கட்டக்குறி போட்ட வரியை மென்பொருள் படிக்காது, அது வெறும் குறிப்பு என்று தாண்டிப் போய்விடும். அந்த வரி ஏதோ பெயர்ப் பிழையால் சிவப்பாகத் திட்டிக்கொண்டே இருந்ததும், பேராசிரியருக்கு அன்றைக்கே படம் தேவைப்பட்டதும், வாயை மூடு என்று அதற்குக் கட்டக்குறி போட்டதும் நினைவுக்கு வந்தன. போட்டுவிட்டுப் பக்கத்தில் 'நந்தி' என்று எழுதி வைத்திருந்தேன்.

கோயில் நந்தி இல்லை. மலாயில் நந்தி என்றால் 'அப்புறம்'. அப்புறம் சரிசெய்யலாம் என்று எனக்கு நானே எழுதிவைத்த குறிப்பு. இந்த ஊரில் நாங்கள் நாளைக்கு நூறு தடவை சொல்லும் சொல் அது. வழியை மறைத்துக்கொண்டு நின்றால் 'என்ன, நந்தி மாதிரி நிக்கிறே' என்று அம்மா திட்டுவார். அந்த நந்தியும் இந்த நந்தியும் ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவன் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அம்மா பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடப் போனார்.

குழுவுக்கு அன்றே பதில் எழுதினேன். கண்டுபிடித்துவிட்டேன், தவறு என்னுடையதுதான், உங்கள் ஸ்கிரிப்டில் எந்தக் குறையும் இல்லை என்றேன். பிரச்சினை முடிந்தால் தலைப்பில் 'தீர்ந்தது' என்று சேர்க்க வேண்டும், அதுவும் அங்கே வழக்கம். சேர்த்தேன். இரண்டு பேர் உடனே எழுதினார்கள். ஒருவர் நாங்களும் இதில் விழுந்தவர்கள்தான் என்று சொல்லி ஒரு சிரிப்பு முகம் போட்டிருந்தார். இன்னொருவர் நேர்மையாக ஒப்புக்கொண்டதற்கு நன்றி சொன்னார். எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உலகத்துக்கெல்லாம் சொல்லிவிட்டேன், பக்கத்து மேசைக்குச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்று போனேன். அக்கா கூட்டத்துக்குப் பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி, ஆங்கிலம் சரியா என்று பார்க்கச் சொன்னார். திருத்திக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை படம் எங்கே என்றார். சொல்ல வாயெடுத்து, இதோ தருகிறேன் அக்கா என்றேன். சொன்னால் என்ன ஆகும்? என் நான்காம் அத்தியாயம் போகும். ஆனால் சொன்னாலும் அக்காவுக்கு என்ன கிடைக்கும்? மிச்சமிருக்கும் எட்டு வாரத்தில் சரியான படத்தைப் பார்த்துப் புதிய மூலக்கூறு செய்ய முடியாது. சொல்லாவிட்டால் இரண்டு பேரில் ஒருவராவது தப்பலாம் என்று என் மனது கணக்குப் போட்டது. அந்தக் கணக்கு போட்டவனும் நான்தான், பூசி மெழுக வேண்டாம். பழைய பொய்ப் படத்தையே எடுத்து, உறவுக்காரப் புரதத்தை மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து, பெரிதாக்கி அக்காவிடம் கொடுத்தேன். புள்ளிக்கோடு பளிச்சென்று இருந்தது.

அதை அச்சடிக்கப் புதன்கிழமை டவுனுக்குப் போனோம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் பெரிய தாளில் அச்சடிக்கும் கடை ஒன்று உண்டு. தாளைச் சுருட்டிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, பசிக்கிறது தம்பி, வா என்று பக்கத்து நாசி கண்டார் கடைக்குக் கூட்டிப் போனார். பல வாரமாக அக்கா சரியாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. அன்றைக்கு மீன் முட்டையும் வெண்டைக்காயும் வைத்துச் சாப்பிட்டார். சுருட்டிய தாளில் குழம்பு பட்டுவிடக்கூடாது என்று அதைப் பக்கத்து நாற்காலியில் தனியாக உட்கார வைத்திருந்தார். இந்த ஒரு படம் இருப்பதால்தான் தைரியமாக இருக்கிறது என்றார். இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளே ஒருவன் என்னை நெருக்கிக்கொண்டே இருந்தான். நான் இன்னொரு கரண்டிக் குழம்பு கேட்டேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். மேசையின் ஒரு பக்கம் அந்த மூன்று பேர், ஓரத்தில் பேராசிரியர், பின்னால் ஆய்வுக்கூடத்து ஆட்கள் நாங்கள் நான்கைந்து பேர். அக்கா படத்தைப் பலகையில் மாட்டினார். தாளில் எழுதியிருந்ததைப் பார்க்காமலே ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். வடிவமைப்பு சரி. அதற்கு இந்தப் படமே சாட்சி. தவறு என் கையில்தான். பதினெட்டு வருடம் ஃபேக்டரியில் வேலை செய்த கை, இவ்வளவு நுணுக்கமான வேலைக்குப் பழக இன்னும் நாள் வேண்டும். இதைச் சொல்லும்போது தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் காட்டினார். மூன்று பேரும் அந்தக் கைகளைப் பார்த்தார்கள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஆங்கிலத்தில்தான் சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது தமிழ்.

"அக்கா, படம் தப்புக்கா. உங்க கை இல்ல. நான் தப்பாப் போட்டுட்டேன்."

அறையில் வேறு யாருக்கும் அது புரியவில்லை. அக்காவுக்கு மட்டும் புரிந்தது. நீட்டிய கைகளை மெதுவாக இறக்கினார். அப்புறம் நான் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன், கட்டக்குறி, நகராத மூலக்கூறு, இல்லாத பிடி, ஞாயிற்றுக்கிழமையே எனக்குத் தெரியும் என்பது உட்பட. பேராசிரியர் எழுந்துபோய்ப் படத்தின் முன்னால் நின்றார்.

எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பி, பிறகு இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார்கள். முதலில் என்னிடம் பேசினார்கள். இப்படி ஒப்புக்கொள்ள ஒரு மன உறுதி வேண்டும் என்று பாராட்டினார்கள். நான்காம் அத்தியாயத்தைத் திருத்தி எழுத எனக்கு ஒரு வருடம் கூடுதல் அவகாசம் தரும்படி பரிந்துரைக்கிறோம் என்றார்கள். அக்காவிடம் மிகவும் வருந்துவதாகச் சொன்னார்கள். அவருடைய பதிவுக்கு உரிய மொத்தக் காலமும் முடிகிறது, இரண்டாவது நீட்டிப்புக்கு விதியில் இடமில்லை, அவர்மேல் எந்தக் குறையும் இல்லை என்று கோப்பில் குறித்துவைப்பதாகச் சொன்னார்கள். பேராசிரியர் வாதாடிப் பார்த்தார். எழுத்தில் முறையிட்டார், மேலே வரைக்கும் போனார். நடக்கவில்லை. தவறு செய்தவனுக்குக் கொடுக்க ஒரு வருடம் இருந்தது, செய்யாதவருக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. அந்த ஒரு வருடத்தில் நான் பட்டமும் வாங்கிவிட்டேன். அக்கா இப்போது ஜுருவிலேயே வேறொரு தொழிற்சாலையில் இருக்கிறார் என்று கேள்வி.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து மோட்டோ நிறுத்தும் இடம்வரை அவர் பின்னாலேயே போனேன். தூறிக்கொண்டிருந்தது. அக்கா மழைச்சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். காலில் விழ வேண்டுமா, திட்டுங்கள் என்று கேட்க வேண்டுமா, எனக்கு ஒன்றும் புரியவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் அழவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. அப்படிச் செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நாலு நாளு நீ சொல்லாம இருந்தது பரவால்ல தம்பி. பயம், யாருக்கும் வரும்லா," என்றார். மழைச்சட்டையின் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "ஆனா அன்னிக்கு நான் நின்னு அழுதேன்ல. என் கை நடுங்குதுன்னு. அன்னிக்கு ஒரே ஒரு தடவ அந்த ஸ்கிரிப்ட தொறந்து பாத்திருக்கலாம்ல?"

மோட்டோவை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போகும் சாலையில் திரும்பிவிட்டார். திறந்து பார்த்திருக்கலாம். பத்து நிமிட வேலை.